நான்கு பொட்டு

அன்று பயிற்சியில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு எத்தனையோ பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். இருந்தது ஏழு பேர்தான். பாடம் நடத்திய ரபீக், கோட்டக்குப்பத்துக்காரர், கத்தாரில் பன்னிரண்டு வருடம் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்துத் திரும்பியவர். என் மகன் வல்லரசு, இப்போது மில்லை நடத்துகிறவன். மேஸ்திரி இருதயராஜ். பாய்லரையும் கழிவுநீர்த் தொட்டியையும் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துவந்த பச்சைமுத்து, கெடார்க்காரன். களத்தில் நெல் காயவைக்கும் தையல்நாயகி. ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கவிதா. கடைசியாக நான், கிருஷ்ணசாமி, திண்டிவனத்துக்கு வெளியே மயிலம் சாலையில் அந்த அரிசி மில்லைக் கட்டியவன். லாரி டிரைவர்கள் இரண்டு பேர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே வரவில்லை.

பயிற்சியை நாங்களாக விரும்பி வைக்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, முதலாளி, தொழிலாளி இருவருக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கேட்டார்கள். வல்லரசு விசாரித்து ரபீக்கை அழைத்துவந்தான். நான் முன்வரிசையில் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில்.

ரபீக் சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"தொட்டிக்குள்ள யாரு இறங்குறது?"

"எங்க மில்லுல யாரும் இறங்க மாட்டாங்க. மேலேர்ந்தே மோட்டார் போட்டு இறைச்சிடுவோம்," என்றேன்.

பச்சைமுத்து தரையைப் பார்த்தான். தையல்நாயகிக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்போ போன ஆடி மாசம் இடுப்பு வரைக்கும் சேறு பூசிக்கினு மேல வந்தது யாரு பாய்? பிசாசா?"

சிரிப்பு எழுந்தது. நான் அவளை முறைத்தேன். ரபீக் சிரிக்கவில்லை. நேராக என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களே சொல்லுங்க. நெல்லு ஊறுன தண்ணி தேங்கிக் கெடக்குற தொட்டி. உள்ள காத்து கெட்டுப்போயிருக்குன்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?" என்று கேட்டார்.

"அழுகுன முட்டை நாத்தம் வரும். கொஞ்ச நேரம் தெறந்து வெச்சா நாத்தம் போயிடும். அப்புறம் இறங்கலாம்."

"அதான் ஐயா தப்பு. நாத்தம் போவல. உங்க மூக்கு செத்துப்போச்சு. அடுத்தது ஆளு."

"பெரிய மொதலாளி பெயிலு!" என்றாள் தையல்நாயகி.

இந்த முறை வல்லரசுகூடச் சிரித்துவிட்டான். கவிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நாற்பது வருடமாக அந்த மில்லில் என்னை யாரும் கேள்வி கேட்டு மார்க் போட்டதில்லை. என் தகப்பனார் மல்லாட்டை பயிரிட்டுச் சேர்த்த நிலத்தில் நான் எழுப்பிய கட்டடம் அது. எழுந்தேன். கவிதாவின் நோட்டில் என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பயிற்சி முடிந்து போட்டோ எடுக்கும்போது மட்டும் கூப்பிட்டார்கள், போய் நின்றேன். அந்தப் போட்டோவில் பார்த்தால் நான் முழுப் பயிற்சியும் பெற்றவன்.

நான் எழுந்து போன பிறகு ரபீக் சொல்லித்தந்ததுதான் முக்கியமான பாடம். அதை இருதயராஜ் பின்னால் எனக்குச் சொன்னான். காற்றை அளக்கிற மீட்டர் ஒன்றை ரபீக் காட்டியிருக்கிறார். கைக்குள் அடங்குகிற மஞ்சள் நிறக் கருவி, காற்று கெட்டிருந்தால் சத்தம் போடும். முகப்பில் சல்லடை போட்ட நான்கு வட்டத் துளைகள். "இதுதான் இதுக்கு மூக்கு. இது அடைஞ்சா இதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒவ்வொரு வாட்டியும் தொட்டியில விடறதுக்கு முன்னாடி வாய்கிட்ட வெச்சி மெதுவா ஊதுங்க. நம்பரு எறங்கணும். எறங்கலன்னா அது குருடு. இறங்காதீங்க." பிறகு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். உள்ளே ஒருவன் விழுந்தால் அவனைத் தூக்க இன்னொருவன் குதிக்கக் கூடாது, எவ்வளவு வேண்டப்பட்டவனாக இருந்தாலும்.

மீட்டரை வாங்கினோம். கயிறு கோத்த இடுப்புப் பெல்ட்டும் வாங்கினோம். காற்றடிக்கிற பெரிய விசிறியும், ஆளைத் தூக்குகிற மூன்றுகால் ராட்டினமும் வாங்கச் சொல்லி ரபீக் எழுதிக் கொடுத்திருந்தார். மீட்டர்தான் வந்துவிட்டதே, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன் நான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு மீட்டர் வைத்திருந்த முதல் மில் எங்களுடையதுதான். ஆபீசில் என் தகப்பனார் படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அரிசி வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் மில்லில் பூஜையை நான்தான் செய்வேன், ஐயரை வைப்பதில்லை. பாய்லர், ஹல்லர், எலிவேட்டர், தராசு, லாரிகள், கவிதாவின் கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்த வருடம் மீட்டரை நடு இலையில் வைத்தேன். புதுப்பொருள், விலைகூடிய பொருள், ஆளைக் காக்கிற பொருள். சந்தனத்தைக் குழைத்துக் கையில் எடுத்தபோது முகப்பின் நான்கு வட்டங்களும் பொட்டு வைப்பதற்கென்றே செய்தவை போல இருந்தன. கட்டைவிரலால் அழுத்தி நான்கிலும் சந்தனம் வைத்தேன். அதன்மேல் குங்குமம். ரபீக் அன்று அங்கே இல்லை. நான் பூஜை செய்யும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் எங்கள் மில்லில் கிடையாது.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வேலையைத் தொட்டு ஆரம்பிக்க வேண்டும். அனந்தபுரம் பக்கமிருந்து நெல் லாரிகள் வரவிருந்தன. தொட்டியில் உமிச்சேறு ஏறி மோட்டார் இழுக்கவில்லை. ஒருவன் இறங்கி மோட்டார்க் குழாயின் அடிவாயைச் சுத்தம் செய்தால் போதும், கால்மணி நேர வேலை. காலை ஏழரைக்குத் தொட்டியருகே நின்றவர்கள் நான், இருதயராஜ், பச்சைமுத்து, தையல்நாயகி.

பச்சைமுத்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான். மீட்டரை நான் அலமாரியிலிருந்து எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். பட்டனை அழுத்தி உயிர் கொடுத்துவிட்டு அதை வாயருகே கொண்டுபோனான்.

"டேய், இன்னா பண்ற?"

"ஊதிப் பாக்கணுமாம் ஐயா. பாய் சொல்லிக்கினு போனாரு."

"நேத்து சாமிக்கு வெச்ச பொருளுடா. எச்சி பண்ணாத."

அவன் தயங்கினான். முகப்பைப் பார்த்தான்.

"அப்போ இந்தச் சந்தனத்தயாவது தொடச்சிடட்டுமா ஐயா? ஓட்டையில உக்காந்துக்கினு இருக்குது."

"பூஜை போட்ட பொட்ட மனுசன் கையால அழிக்கக் கூடாது. அதுவா ஒதிரணும். பாய்க்கு நம்ம வழக்கம் இன்னா தெரியும்?"

"நீ இன்னாய்யா, மீட்டருக்கு மூஞ்சி கழுவி, மை வெச்சிப் பூ வைக்கட்டுமான்னு கேப்ப போல," என்றாள் தையல்நாயகி. பச்சைமுத்து சிரித்தான். "சரிங்க ஐயா," என்றான்.

அவன் அப்படிச் சொன்னது பயத்தில் அல்ல. இருபத்திரண்டு வருடமாக நான் சொன்னது ஒன்றும் தப்பாகப் போனதில்லை என்கிற நம்பிக்கையில் சொன்னான். இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு.

கயிற்றில் கட்டி மீட்டரைத் தொட்டிக்குள் விட்டார்கள். சத்தம் போடவில்லை. பச்சைமுத்து மேலே எடுத்துப் பார்த்தான். "இருபது புள்ளி ஒம்போது. வெளிய காட்டுற அதே நம்பரு, நல்லாத்தான் இருக்குது," என்றான். இருதயராஜ் வாயைத் திறந்து மூடினான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் என்னவென்று கேட்கவில்லை.

பச்சைமுத்து ஏணியில் ஆறாவது படி வரை பேசிக்கொண்டே போனான். "மேஸ்திரி, அந்த மம்பட்டியக் குடு." அதுதான் கடைசிப் பேச்சு. மம்பட்டியைக் கயிற்றில் இறக்கும்போது கீழே சேற்றில் ஆள் விழுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். மீட்டர் அவன் சட்டைப் பையில் மாட்டியிருந்தது. அப்போதும் அது சத்தம் போடவில்லை.

தையல்நாயகி ஏணியில் கால் வைத்துவிட்டாள். இருதயராஜ் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். "எறங்காத! எறங்காத! பாய் இன்னா சொன்னாரு? கயித்தப் புடி!" என்று கத்தினான். பயிற்சி அந்த ஒரு இடத்தில் வேலை செய்தது. இல்லையென்றால் அன்று மூன்று பேர்.

கயிற்றை இழுத்தோம். தொட்டியின் வாய் குறுகல், விளிம்பு சிமெண்ட், ராட்டினம் இல்லை. பச்சைமுத்து நல்ல கனத்த ஆள். பாதி தூரம் வந்ததும் பெல்ட் ஏணிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. களத்திலிருந்து பெண்கள் ஓடிவந்து சேர்ந்து இழுத்தார்கள். என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. எவ்வளவு நேரம் ஆனது என்று பின்னால் போலீஸ் கேட்டபோது ஐந்து நிமிடம் என்று வல்லரசு சொன்னான். வல்லரசு அங்கே இல்லை. இருதயராஜ் கணக்கில் இருபது நிமிடம்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நாடியைப் பார்த்துவிட்டு, போஸ்ட்மார்ட்டத்துக்கு விழுப்புரம் கொண்டுபோகச் சொன்னார்கள். வராந்தாவில் ஏட்டு ஒருவர் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

"பூஜை லீவு. தண்ணி கிண்ணி போட்டிருந்தானா?"

வல்லரசு என்னைப் பார்த்தான். பிறகு, "லீவு நாளு சார்... நாங்க எங்க பாத்தோம்?" என்றான்.

"மீட்டர் வெச்சிருந்தானா?"

"மீட்டர் ஆபீசுல பத்திரமா இருக்குது சார்."

அதற்குள் அவன் மீட்டரைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டிருக்கிறான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏட்டு என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க." நான் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பொய் பேசாத குடும்பம் என்று பெயர் எடுத்தவர்கள் நாங்கள். அன்று நான் வாயைத் திறக்காமலே பொய் சொன்னேன்.

பச்சைமுத்துவின் உடல் கெடாருக்குப் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. பண்டிகைக்குக் குடித்துவிட்டு, மீட்டரும் எடுக்காமல் தானாக இறங்கிவிட்டானாம்.

ரபீக் சாயங்காலம் வந்தார். பூட்டைத் திறக்கச் சொன்னார். மீட்டரைக் கையில் வாங்கி, நான்கு வட்டங்களில் ஒன்றை விரல்நகத்தால் சுரண்டினார். நகத்தில் மஞ்சளாக ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். பிறகு இருதயராஜிடம், "ஊதிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். இருதயராஜ் என்னைப் பார்த்தான். ரபீக்கும் என்னைப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் மீட்டரை மேஜைமேல் வைத்தார்.

"வழக்கம் எனக்குத் தெரியாதுதான் ஐயா. நானும் கேக்கல. பூஜை வெச்சா இத இன்னா பண்ணுவீங்கன்னு அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

தன்மேல் பழி போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். அதையும் நான் ஏற்றுக்கொண்டேன். பிறகு எந்த மில்லும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் விற்றது டூப்ளிகேட் மீட்டர் என்று ஒரு பேச்சு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பச்சைமுத்துவின் மனைவி அம்சா மில்லுக்கு வந்தாள். கூட மகள் ஆர்த்தி, விழுப்புரத்தில் காலேஜ் இரண்டாம் வருடம். வல்லரசு ஏதோ கவரை நீட்டினான். அம்சா அதைத் தொடவில்லை.

"இதுக்கு வரலீங்க. பெரியவரு வாயால ஒரு வார்த்த வேணும். எங்க ஊருக்கு வந்து, நாலு பேரு நிக்கறப்ப, அவரு குடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு அதத் தொட்டதே இல்லீங்க. இந்தப் பொண்ணு பஸ்சுல ஏறவே கூசுறா. குடிச்சிட்டுப் போயி செத்தவன் பொண்ணுன்னு காலேஜு வரைக்கும் போயிடுச்சி."

ஆர்த்தி அம்மாவின் கையை இழுத்தாள். "வாம்மா. இவங்க சொல்லுவாங்கன்னு நெனச்சிக்கினு இருக்கியே."

அந்தப் பெண் நின்ற நிலை எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுப் பெண்ணாக இருந்தால் மெச்சியிருப்பேன்.

"பாக்கலாம்மா," என்றேன்.

நான் போகவில்லை. போனால் அடுத்த கேள்வி வரும். குடிக்கவில்லை, மீட்டரும் வைத்திருந்தான் என்றால் எப்படிச் செத்தான் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி என் தகப்பனார் படத்துக்குக் கீழே வந்து நிற்கும்.

பரிசோதனை அறிக்கை நான்கு மாதம் கழித்து வந்தது. உடலில் மதுவின் சுவடு இல்லை என்று ஒரு வரி. யாரும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மில்காரர்கள் சேர்ந்து பெரிய பாதுகாப்புக் கூட்டம் போட்டார்கள். முதலாளிகள் நாற்பது பேர், தொழிலாளிகள் நூறு பேருக்கு மேல். நான் மூத்தவன் என்று முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மேடையில் குத்துவிளக்கு, பக்கத்தில் எல்லா மில்லுக்கும் கொடுப்பதற்காக வாங்கிய மீட்டர்கள் வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். யாரோ நல்ல மனதோடு வைத்திருக்கிறார்கள்.

பாடம் நடத்தியது வெண்ணிலா என்கிற சின்னப் பெண், சென்னையிலிருந்து வந்தவள். திரையில் ஒரு தொட்டியின் படம் காட்டினாள்.

"திண்டிவனம் பக்கத்துல ஒரு மில். தொழிலாளிக்குப் பயிற்சி குடுத்திருக்காங்க, மீட்டர் வாங்கிக் குடுத்திருக்காங்க. ஆனா அவரு பண்டிகைக்குக் குடிச்சிட்டு, மீட்டர் எடுக்காம இறங்கிட்டாரு. இதுலேர்ந்து நாம என்ன கத்துக்கறோம்?"

"குடிக்கக் கூடாது!" என்று கூட்டம் சொன்னது.

"பண்டிகைக்குக் கூடவா மேடம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது.

பச்சைமுத்து அங்கே பாடமாகிவிட்டான். அதுவும் தப்பான பாடம். அந்த நூறு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், குடிக்காமல் இறங்கினால் போதும் என்று நினைப்பார்கள். மேடையில் பொட்டு வைத்த மீட்டர்கள் அவர்களோடு போகும்.

எழுந்தேன். வல்லரசு என் சட்டையைப் பிடித்தான். "அப்பா, ஒக்காருங்க."

"அவன் குடிக்கல," என்றேன். என் குரல் மண்டபத்துக்குப் போதவில்லை. "மீட்டர் வெச்சிருந்தான். அதோட மூக்குல சந்தனத்த அடைச்சது நானு. ஊதிப் பாக்கறேன்னான், எச்சின்னு தடுத்ததும் நானு. அதோ, அங்க இருக்கறதயும் மொதல்ல தொடைங்க."

மைக் வரவில்லை. சங்கத் தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளில் கைபோட்டார். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "பெரியவரு ரொம்ப நொந்துபோயிருக்காரு. தன்னோட ஆளு செத்ததுக்குத் தானே காரணம்னு நெனைக்கிறாரு பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

கைதட்டினார்கள். எனக்கு, அந்த மண்டபத்தில், கைதட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது வெண்ணிலா மட்டும் வந்தாள். "ஐயா, நீங்க சொன்னத எழுத்துல குடுங்க. நான் மாத்திடறேன்," என்றாள். எழுதி அவள் ஆபீசுக்குக் கொண்டுபோனபோது அவள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். அவள் இடத்தில் இருந்தவர் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மேடையிலிருந்த மீட்டர்களைத் துடைத்துக் கொடுத்தார்களா என்று கேட்டேன். அவருக்கு அது புரியவில்லை.

அன்று கூட்டத்திலிருந்து காரில் திரும்பும்போதே வல்லரசு பேசியிருந்தான். "நம்ம பேரு இன்னாத்துக்கு ஆவறது? தாத்தா காலத்துலேர்ந்து சேத்து வெச்சது." நான் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த வாக்கியம்தான். அப்படியே திருப்பிச் சொன்னான். அன்றிலிருந்து அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று வருகிறவர்களிடம் சொல்கிறான். மில் சாவி இப்போது என்னிடம் இல்லை.

போன வாரம் தனியாக பஸ் ஏறி கெடாருக்குப் போனேன். செய்ய வேண்டியதை ஒன்பது மாதம் கழித்துச் செய்யப் போனேன். பச்சைமுத்துவின் வீடு பூட்டிக் கிடந்தது. அம்சாவும் பெண்ணும் புதுச்சேரிப் பக்கம் போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆர்த்தி படிப்பை நிறுத்திவிட்டாள் என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரத் தேடுறீங்க, அந்தக் குடிச்சிட்டு உழுந்தானே, அவன் வூட்டயா?" என்று கேட்டார். கெடார் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த நான்கு பேரிடம் உள்ளதைச் சொன்னேன். ஒருவன் எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து, வெயிலில் அலையாதீர்கள் என்று சொல்லி பஸ் ஏற்றிவிட்டான்.

பச்சைமுத்து குடித்திருந்தான், மீட்டர் இல்லாமல் இறங்கினான் என்று சொல்கிறார்கள். குடிக்கவில்லை. மீட்டர் அவன் சட்டைப் பையில் இருந்தது.